அப்பனுக்கு ராத்திரி ஆஜர், புள்ளைக்குக் காலையில ஆஜர்

இந்தத் தடவை ராஜா, ராணி, போர் எதுவும் கிடையாது. ஒரு நடுநிலைப்பள்ளியோட ஒரு நாள், அவ்ளோதான். மணி, பிரேயர், உறுதிமொழி, செய்தி வாசிப்பு, ஹெச்.எம். அறிவிப்பு, ஆஜர், மதியச் சோறு, சாயங்காலம் லாங் பெல். நாம எல்லாரும் தாண்டி வந்ததுதான். தினமும் செஞ்சதாலேயே இதுக்கெல்லாம் ஒரு வரலாறு இருக்கும்னு யோசிச்சிருக்க மாட்டோம். வைகை அணையைச் சுத்தி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடங்களை வச்சுப் பார்த்தா, இதுல ஒவ்வொண்ணும் வெவ்வேற வருசத்துல, வெவ்வேற ஆளுங்க கொண்டுவந்து ஒட்டினது. அதுல ரொம்பச் சின்ன விஷயமாத் தெரியுற ஆஜர் எடுக்கிறதுக்குப் பின்னாடிதான் பெரிய கதை இருக்கு. அங்க வர்றேன், கொஞ்சம் பொறுங்க.

முதல்ல மணி. நம்ம பக்கத்து ஊர்ப் பள்ளிகள்ல மணின்னா வெண்கல மணி எல்லாம் இல்லை. வேப்பமரத்துலயோ தாழ்வாரத்து விட்டத்துலயோ தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு, அடிக்க ஒரு இரும்புக் கம்பி. நம்ம மதுரை - போடி ரயில் பாதை 1928-ல வந்தது. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல தண்டவாளத்தையே பிடுங்கிட்டுப் போயி, ஐம்பதுகள்ல மறுபடி போட்டாங்க. இப்படிப் பிடுங்கிப் போட்ட பாதைப் பக்கத்துல இருக்கிற பள்ளிகளுக்குத் தண்டவாளத் துண்டுக்கா பஞ்சம்னு நானா நினைச்சுச் சிரிச்சுக்கிறது உண்டு :-)

அப்புறம் பிரேயர். காலைக் கூட்டம்னு எழுதினாலும் வாயில வர்றது பிரேயர்தான். தமிழ்த்தாய் வாழ்த்து 1970-ல அரசு விழாக்களுக்கும் பள்ளிகளுக்கும் வந்தது. பாட்டு மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையோடது, அது அச்சுல வந்தது 1891. மோகன ராகத்துல மெட்டுப் போட்டவர் எம்.எஸ்.விஸ்வநாதன். 2021 டிசம்பர்ல அதை மாநிலப் பாடல்னு அறிவிச்சு, பாடும்போது எழுந்து நிக்கணும்னும் சொன்னாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அதுல புதுசா ஒண்ணும் இல்லை, அவங்க எப்பவும் நின்னுக்கிட்டுத்தானே இருந்தாங்க.

வலது கையை நீட்டிச் சொல்ற உறுதிமொழி டெல்லியில இருந்து வந்ததுன்னுதான் ரொம்பப் பேர் நினைப்பு. அதை 1962-ல தெலுங்குல எழுதினவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ். விசாகப்பட்டினத்துல மாவட்டக் கருவூல அதிகாரியா இருந்தவர். சீனப் போர் நடந்த வருசம் அது. முதல்ல ஆந்திரப் பள்ளிகள்ல சொல்ல ஆரம்பிச்சு, 1965 ஜனவரி 26-ல இருந்து நாடு முழுக்கப் போச்சு. கருவூல ஆபீஸ்ல பில் பாஸ் பண்ணிக்கிட்டு இருந்த மனுசன் எழுதினதை இன்னைக்கும் காலையில கோடிக்கணக்கான பிள்ளைங்க சொல்லுதுங்க. பாடப்புத்தகத்துல உறுதிமொழியைப் பார்த்திருப்பீங்க. எழுதினவர் பேரைப் பார்த்த ஞாபகம் இருக்கா?

திருக்குறள் ஒண்ணு, பொருளோட. செய்திச் சுருக்கம். இன்றைய சிந்தனை. அப்புறம் தலைமையாசிரியர் அறிவிப்பு. ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்று கொண்டு வாங்க, தடுப்பூசி போட வர்றாங்க, யாரும் பயப்படாதீங்க (இதைச் சொன்னதும் பாதிப் பேருக்கு வயித்தைக் கலக்கும்), வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டி, இத்யாதி. இதெல்லாம் எந்த ஊர்லயும் உண்டு. வைகைக் கரை ஊர்களுக்குன்னு தனியா ஒண்ணு உண்டு, "ஆத்துப் பக்கம் போகாதீங்க".

அணையோட முழுக் கொள்ளளவு 71 அடி. தண்ணி 66 அடியைத் தொட்டா முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5-ல ரெண்டாவது, 69-ல மூணாவது. சங்கு ஊதும். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம்னு அஞ்சு மாவட்டத்துக்கு அறிவிப்புப் போகும். காமராஜர் 1959 ஜனவரி 21-ல இந்த அணையைத் திறந்து வச்சார். அதுக்கப்புறம் கரையோரத்துப் பள்ளிகளுக்கு அணையும் ஒரு ஹெச்.எம். மாதிரிதான். அது அறிவிப்புக் குடுத்தா இவங்களும் குடுத்தாகணும்.

சரி, இப்ப ஆஜருக்கு வருவோம்.

பேர் கூப்பிடுவாங்க, "உள்ளேன் ஐயா"ம்போம். ரிஜிஸ்டர்ல ஒரு கோடோ புள்ளியோ விழும். வராதவனுக்கு 'ஆ', அதாவது ஆப்சென்ட். இதுல என்னய்யா வரலாறுன்னு கேக்கலாம். கொஞ்சம் நூறு வருசம் பின்னாடி போகணும். இந்தப் பக்கத்துல அப்பெல்லாம் ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு ரெண்டு ரிஜிஸ்டர்ல ஆஜர் எடுத்தாங்க. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல. அப்பனுக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல.

குற்றப் பரம்பரைச் சட்டம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. வடக்க 1871-லயே கொண்டு வந்தாங்க. 1911-ல அதைத் திருத்தினப்புறம்தான் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு ஆள் தப்புப் பண்ணினா அந்த ஆளைப் பிடிக்கிறது சாதாரணச் சட்டம். ஒரு சாதியில பொறந்ததே போதும், பேரை எழுதி, கைரேகையை உருட்டி வாங்கி, கண்ணு வச்சுக்கிட்டே இருக்கலாம்கிறது இந்தச் சட்டம். நம்ம ஊர்ல அதுக்குப் பேரே ரேகைச் சட்டம்தான். மாகாணத்துல பல சமூகங்கள் மேல இது விழுந்தது. நம்ம பக்கத்துல பிரமலைக் கள்ளர் மேல. 1914-ல மதுரைக்குப் பக்கத்துல கீழக்குயில்குடியில ஆரம்பிச்சு, அடுத்த சில வருசத்துல உசிலம்பட்டி, திருமங்கலம், கம்பம் பள்ளத்தாக்குன்னு பரவிச்சு.

பேர் பதிவான ஆம்பளை ராத்திரி 11 மணிக்கு ஒரு தடவை, விடியக்காலை 3 மணிக்கு ஒரு தடவை ஸ்டேஷன்லயோ ஊர் அதிகாரிகிட்டயோ வந்து தலையைக் காட்டணும். தினமும் இதுக்காக நடந்து அலைய முடியுமா? அதனால ஸ்டேஷன் திண்ணையிலயும் சாவடியிலயுமே படுத்துக்குவாங்க. கல்யாணம் ஆன அன்னைக்கு ராத்திரி மாப்பிள்ளை சாவடியில படுத்த கதை உசிலம்பட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு சொல்லுவாங்க. வெளியூர் போகணும்னா சீட்டு வாங்கணும். ராதாரிச் சீட்டுன்னு பேரு. 'ராதாரி' பாரசீகத்துல இருந்து வந்த சொல், வழிப்பயண அனுமதிங்கிற மாதிரி அர்த்தம். ராத்திரி ஆஜருக்குப் பழகிப்போன சனங்க வாயில அது 'ராத்திரிச் சீட்டு' ஆயிருச்சு. மாத்திச் சொன்னதுதான் எனக்கென்னவோ சரியான பேராப் படுது.

இன்னொரு சொல்லும் இருக்கு. வகுப்புல சேட்டை பண்ணுற பயலை வாத்தியார் "டேய் கேடி"ம்பார். நாமளும் நண்பனைச் செல்லமாத் திட்டுவோம். அது போலீஸ் ரிஜிஸ்டர்ல இருந்த சுருக்கெழுத்து. கே.டி., அதாவது நோன் டெப்ரடேட்டர். பழைய குற்றவாளின்னு பேர் எழுதி வச்ச ஆளு. அந்த நோட்டுல இருந்து எறங்கி பள்ளிக்கூடத்து பெஞ்சு வரைக்கும் வந்திருச்சு அந்த ரெண்டெழுத்து. எந்த வகுப்பறையில யார் புள்ளையைப் பாத்துச் சொல்றோம்னு தெரியாமலே சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்.

1920 ஏப்ரல் 3-ல பெருங்காமநல்லூர் சனங்க ரேகை வைக்க மாட்டோம்னு நின்னாங்க. துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள்ங்கிற பெண் உட்படப் பதினாறு பேர் செத்துப் போனாங்க. அங்க இப்ப நினைவுத் தூண் இருக்கு, வருசா வருசம் ஏப்ரல் 3-ல அஞ்சலி செலுத்த ஆள் வரும். இதைப் பத்தி நிறையப் பேர் எழுதியாச்சு, அதனால நான் விரிக்கலை. அதே 1920-ல இன்னொரு வேலையும் தொடங்குச்சு. கள்ளர் சீரமைப்புத் திட்டம். ஒரு கையில துப்பாக்கி, மறு கையில சிலேட்டு.

சீரமைப்புன்னா நிலம், கிணறு வெட்டக் கடன், கூட்டுறவுச் சங்கம், பஞ்சாயத்து, மாணவர் விடுதி, எல்லாத்துக்கும் மேல பள்ளிக்கூடம். தொடக்கத்துல இதையெல்லாம் மேற்பார்வை பார்த்தது யாருங்கிறீங்க? போலீஸ் அதிகாரிகள். ராத்திரி அப்பன் பேரைக் கூப்பிட்ட அதே துறைதான் காலையில மகன் பேரைக் கூப்பிட ஏற்பாடு பண்ணுச்சு. பையனை அனுப்பலைன்னா அபராதம். இனிமே பொறக்குற தலைமுறையாவது 'திருந்தட்டும்'னு அவங்க கணக்கு. வரிசையில நிக்கிறது, மணி அடிச்சா உக்காருறது, பேர் சொன்னா பதில் சொல்றது, நேரத்துக்கு வர்றது, நேரத்துக்குப் போறது, இதுவே ஒரு பாடம்னு அவங்க நினைச்சாங்க. அட்சரம் அதுக்கப்புறம்தான்.

கம்பம் பள்ளத்தாக்குல தங்கி ஆராய்ச்சி செஞ்ச ஆனந்த் பாண்டியன்ங்கிற மானிடவியலாளர் 2009-ல ஒரு புத்தகமே எழுதியிருக்கார். மனுசனைப் பயிர் மாதிரி வளர்த்துத் திருத்திடலாம்னு நினைச்ச வெள்ளைக்காரன் திட்டத்தையும், நம்ம சம்சாரிக வச்சிருந்த 'பண்பாடு'ங்கிற சொல்லையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பேசுவார். நேரம் கிடைச்சா தேடிப் படிங்க. கம்பம் பள்ளத்தாக்கை இவ்ளோ பொறுமையாப் பார்த்த புத்தகம் அதிகம் கிடையாது.

இதைப் பத்தி ஆண்டிபட்டிப் பக்கம் டீக்கடையில ஒரு பெரியவர்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன். எண்பது தாண்டினவர். "எங்க அய்யா காலத்துல பேர் எழுதுறாய்ங்கன்னாலே பயம் தம்பி. வாத்தியாரு பள்ளிக்கூடத்துல சேக்கப் பேர் எழுத வந்தாக்கூட, கொல்லைப்பக்கமா ஓடிருவாய்ங்க. நோட்டும் பென்சிலும் கையில வச்சிருக்கவன் எல்லாம் ஒரே ஆளுதான் அவுகளுக்கு"ன்னார். அப்புறம் எப்படித்தான் பள்ளிக்கூடம் போனீங்கன்னு கேட்டேன். "எழுதப் படிக்கத் தெரிஞ்சாத்தான் அந்த நோட்டுல என்ன எழுதிருக்காய்ங்கன்னு படிக்க முடியும்னு எங்க அய்யா சொன்னாரு. அதுக்குத்தேன்." சொல்லிட்டு டீயை ஆத்த ஆரம்பிச்சுட்டார்.

கொல்லைப்பக்கமா ஓடின சனம்தான் அந்தப் பள்ளிகளைப் பிடிச்சுக்கிச்சு. போலீஸ் மேற்பார்வையில வந்த பள்ளியில படிச்சு வாத்தியார் ஆனவங்க, அதே துறைப் பள்ளிகள்லயே வாத்தியாரா வந்தாங்க. வெள்ளைக்காரன் எதுக்காகக் கட்டினான்கிறது ஒண்ணு, சனங்க அதை எதுக்குப் பயன்படுத்திக்கிட்டாங்கங்கிறது வேற ஒண்ணு. 1947-ல சென்னை மாகாணத்துல சட்டத்தை ரத்து பண்ணினாங்க, 1952-ல நாடு முழுக்கப் போச்சு. ராத்திரி ஆஜர் நின்னுச்சு. காலை ஆஜர் நிக்கலை. பள்ளிகளை யாரும் மூடச் சொல்லலை, இன்னும் வேணும்னுதான் கேட்டாங்க. மதுரை, தேனி, திண்டுக்கல் மூணு மாவட்டத்துலயும் சேர்த்து 300-க்கு நெருக்கமா கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உண்டு. அந்தந்த ஊர்ல இருக்கிற எல்லாச் சாதிப் பிள்ளைகளும்தான் அதுல படிச்சாங்க.

நடுவுல ஒரு கூத்து நடந்துச்சு. 1953-ல ராஜாஜி, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள்ல ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான் வகுப்புன்னு ஆக்கினார். மிச்ச நேரம் வீட்டுல அப்பன் தொழிலைக் கத்துக்கலாம். குலக்கல்வின்னு பேர் வச்சு எதிர்த்தாங்க, 1954-ல காமராஜர் வந்ததும் அதைத் தூக்கிப் போட்டாச்சு. மத்த ஊர்ல இதை எப்படி எதிர்த்தாங்கன்னு நிறையக் கேட்டிருக்கோம். நம்ம பக்கம் இதை யோசிச்சுப் பாருங்க. முப்பது வருசத்துக்கு மேல, 'இவன் குலத்தொழிலே குற்றம்'னு அரசாங்கமே எழுதி வச்சிருந்த ஊரு. அந்த ஊர்ல வந்து மத்தியானத்துக்கு மேல அப்பன் தொழிலைக் கத்துக்கோன்னா, சிரிக்கிறதா அழுகுறதா?

இப்ப சோத்துக்கு வருவோம். இதுவும் ஆஜர் கதைதான், எப்படின்னு சொல்றேன்.

பள்ளிக்கூடத்துல காலையில ஆஜர் முடிஞ்சதும் ஒரு பையனோ பொண்ணோ வகுப்பு வகுப்பாப் போயி, இன்னைக்கு எத்தனை பேர் சாப்பிடுறாங்கன்னு எண்ணி எழுதிக்கிட்டு வரும். அந்தச் சீட்டு சத்துணவு அமைப்பாளர் கைக்குப் போகும். அந்த எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரித்தான் அரிசி அளப்பாங்க, பருப்பு அளப்பாங்க. இதுக்கும் தலையைத்தான் எண்ணுறாங்க. ராத்திரி 11 மணிக்கு எண்ணினதும் தலைதான். அன்னைக்கு எண்ணினது ஒருத்தன் குறையுறானான்னு பாக்க, குறைஞ்சா துரத்த. இன்னைக்கு எண்ணுறது ஒருத்தனுக்குக் கூட சோறு குறைஞ்சிடக் கூடாதுன்னு. நூறு வருசத்துல இந்தப் பக்கம் நடந்த மாற்றம் என்னன்னு யாராவது கேட்டா, நான் இந்தச் சின்னச் சீட்டைத்தான் காட்டுவேன்.

மதியச் சோறு இங்க எப்படி வந்துச்சு? சென்னையில 1920-ல, ஆமா அதே 1920, ஆயிரம் விளக்குல ஒரு மாநகராட்சிப் பள்ளியில மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டாங்க. அப்ப மாநகராட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல செலவாகக் கூடாதுன்னு கணக்கு. பெருங்காமநல்லூர்ல சுட்ட அதே வருசம், அதே மாகாணத்துத் தலைநகரத்துல சோறு. அது சென்னையோட நின்னுபோச்சு, நம்ம ஊர் வரைக்கும் வரலை.

வந்தது காமராஜர் காலத்துல. 1956-ல மாநிலம் முழுக்கத் தொடங்கினாங்க. அப்பக் கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு. ஊர்க்காரங்க கொண்டுவந்து குடுக்கிற அரிசி, காய், விறகு, இதை நம்பித்தான் முதல்ல ஓடுச்சு. 1961-ல இருந்து கேர் நிறுவனத்து உதவியில அமெரிக்காவுல இருந்து பால் பவுடர், எண்ணெய் எல்லாம் வந்தது. அந்தப் பால் பவுடரை உள்ளங்கையில வாங்கி நக்கின தலைமுறை இன்னும் இருக்கு, கேட்டுப் பாருங்க, முகம் மலர்ந்துரும்.

சுந்தரவடிவேலு காலத்துலதான் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்னு ஊர் ஊரா நடந்துச்சு. ஊர்ச்சனங்க மேசை, நாற்காலி, கடிகாரம், பிள்ளைகளுக்குச் சீருடைன்னு வாங்கிக் குடுத்தாங்க. சொல்லைக் கவனிங்க, சீரமைப்பு. 1920-ல அதே சொல்லுக்கு சனங்களைச் சரிபண்ணணும்னு அர்த்தம். 1958 வாக்குல சனங்க சேர்ந்து பள்ளிக்கூடத்தைச் சரிபண்றாங்கன்னு ஆயிருச்சு. இதை யாரும் திட்டம் போட்டுச் செஞ்சிருக்க மாட்டாங்க. ஆனா நம்ம ஊர்ல ஒரே தெருவுல ரெண்டு போர்டும் இருந்திருக்கும்.

1982 ஜூலை 1. எம்.ஜி.ஆரோட சத்துணவுத் திட்டம், திருச்சிக்குப் பக்கத்துல பாப்பாக்குறிச்சியில தொடக்கம். அப்ப எம்.ஜி.ஆர். மதுரை மேற்குத் தொகுதி எம்.எல்.ஏ. அடுத்த தேர்தல்ல, அமெரிக்காவுல ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே ஜெயிச்சது நம்ம ஆண்டிபட்டியில. வைகை அணையும் அந்தத் தொகுதிதான். அதனால இந்தப் பக்கம் பெருசுகள்கிட்டச் சத்துணவு பத்திப் பேசினா பேச்சு தானா அரசியலுக்குப் போயிரும், திருப்பிக் கொண்டு வர்றது கஷ்டம் :-)

ஆனா நடுநிலைப்பள்ளிக்காரங்க கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கு. 1982-ல கிராமத்துல சத்துணவு தொடங்கினப்ப கணக்கு 2 வயசுல இருந்து 9 வயசு வரைக்கும்தான். 10-ல இருந்து 15 வயசுக்கு 1984 செப்டம்பர்லதான் நீட்டினாங்க. நம்ம ஊர் நடுநிலைப்பள்ளின்னா ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் ஒரே காம்பவுண்டு. அக்கா ஆறாவது, தம்பி மூணாவது. ரெண்டு வருசம் தம்பிக்குத் தட்டுல சோறு விழுறதை அக்கா பார்த்துக்கிட்டு நின்னிருப்பா. இல்லைன்னா தம்பி பாதியைக் குடுத்திருப்பான். அரசாங்கத்துக் கணக்குல ரெண்டு வருசம்ங்கிறது சின்ன இடைவெளி. ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு அது எட்டாவது வரைக்கும். அந்த வயசுலதான் பொம்பளைப் பிள்ளைங்களை நிறுத்திட்டு ஏலக்காய் எஸ்டேட்டுக்கோ பருத்திக் காட்டுக்கோ கூட்டிட்டுப் போவாங்க.

2022 செப்டம்பர் 15-ல காலை உணவுத் திட்டம் வந்துச்சு, அதுவும் மதுரையிலதான் தொடக்கம், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில. அடுத்த வருசம் ஆகஸ்ட்ல மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போச்சு. ரொம்ப நல்ல திட்டம், ரெண்டு பேச்சு இல்லை. ஆனா தொடங்கினப்ப ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும்னுதான் கோடு போட்டாங்க. நாப்பது வருசம் கழிச்சும் அதே காம்பவுண்டு, அதே அக்கா தம்பி. திட்டம் போடுறவங்க தொடக்கப் பள்ளியை நினைச்சுப் போடுவாங்க, உயர்நிலைப் பள்ளியை நினைச்சுப் போடுவாங்க. நடுவுல இருக்கிற நடுநிலைப்பள்ளி எப்பவும் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் வச்சுக்கிட்டு நிக்கும். முட்டை மட்டும் அந்தப் பாகுபாடு பாக்கலை. 1989-ல பதினஞ்சு நாளைக்கு ஒண்ணுன்னு வந்து, அப்புறம் வாரம் ஒண்ணு, அப்புறம் பள்ளி நாள்ல தினம் ஒண்ணுன்னு வளர்ந்துச்சு.

இப்ப நடக்கிற விவகாரம் ஒண்ணு சொல்லி முடிச்சிர்றேன். 2023 மார்ச் பட்ஜெட்ல, வெவ்வேற துறைகள் நடத்துற பள்ளிகளை எல்லாம் பள்ளிக்கல்வித் துறைக்குக் கீழ கொண்டு வர்றோம்னு அரசாங்கம் அறிவிச்சது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அந்தக் கணக்குல வரும். இந்தப் பக்கம் எதிர்ப்பு கிளம்புச்சு. 2024-ல நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பேர்ல சாதி அடையாளம் வேண்டாம், 'கள்ளர் சீரமைப்பு', 'ஆதிதிராவிடர் நலம்' எல்லாத்தையும் எடுத்துட்டு அரசுப் பள்ளின்னு மட்டும் போடுங்கன்னு பரிந்துரை பண்ணுச்சு.

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. சாதிப் பேர் போட்ட போர்டுக்குக் கீழ எல்லாப் பிள்ளைகளும் நிக்க வேண்டியதில்லைங்கிறது சரிதான். எனக்கும் அந்தப் பேர் பிடிக்காது. 'சீரமைப்பு'ங்கிற சொல்லுக்குள்ள, ஏதோ இவங்க கோணலா இருந்த மாதிரி ஒரு பழைய போலீஸ் நினைப்பு ஒளிஞ்சிருக்கு. ஆனா எதிர்க்கிறவங்க சொல்றதும் புரியுது. ரேகை வச்சதுக்கும், ராத்திரித் தூக்கத்தைத் தொலைச்சதுக்கும், பதினாறு உசிருக்கும் பதிலா இந்தச் சனத்துக்குக் கையில கிடைச்சது இந்தப் பள்ளிகளும் விடுதிகளும்தான். போர்டை மட்டும் எடுத்துட்டு, அந்த நிலமும் கட்டடமும் வேலையும் எங்க போகும்னு சொல்லாம விட்டா, அவங்க சந்தேகப்படத்தான் செய்வாங்க. நோட்டும் பென்சிலும் கொண்டுவர்ற ஆளுங்களை நம்பாம இருக்க அவங்களுக்குக் காரணம் இருக்கு. பேரை மாத்தலாம்ங்கிறது என் கட்சி, ஆனா கேட்டுட்டு மாத்தணும்.

என் கவலை வேற. வருகைப் பதிவேட்டைக் கொஞ்ச வருசத்துல பழைய பேப்பர்ல போட்டுருவாங்க, ஆனா சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம். அட்மிஷன் ரிஜிஸ்டர்னு சொல்லுவோம்ல, அதுதான். எந்த வருசம், எந்த ஊர்ப் பையன், அப்பன் பேர் என்ன, எந்த வகுப்போட நின்னுட்டான், எல்லாம் அதுல இருக்கும். சில பள்ளிகள்ல லாக் புக், இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போன விசிட்டர்ஸ் புக் எல்லாம் பீரோவுக்குள்ள கிடக்கும். அப்பன்களைப் பத்தி போலீஸும் அரசாங்கமும் எழுதின ஆணைகள் எழும்பூர்ல ஆவணக் காப்பகத்துல பத்திரமா இருக்கு, யார் வேணா அனுமதி வாங்கிப் போய்ப் படிக்கலாம். மகன்களைப் பத்தின நோட்டு மட்டும் ஓடு ஒழுகுற அறையில கரையான் வாயில கிடக்கு. துறை மாறுறப்ப, கட்டடம் இடிக்கிறப்ப, மொத்தமாத் தூக்கிப் போடுறது ரொம்பச் சுலபம்.

உங்கள்ல யாராவது இந்தப் பக்கத்துப் பள்ளிகள்ல படிச்சவங்க, வாத்தியார் வேலை பாக்குறவங்க, வாத்தியார் பிள்ளைங்க இருந்தா, அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஹெச்.எம்.மைப் பார்த்து அந்தப் பழைய நோட்டுங்க இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க. 1947-க்கு முந்தினது கிடைச்சா பிரிண்ட் எடுக்கிற அளவுக்குத் தெளிவா, பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி வைக்க அவங்களுக்கு உதவி பண்ணுங்க. பைண்டிங் பிஞ்சிருக்கும், பார்த்துப் பிரிங்க.